சுகவாசி மரங்களுக்கு வரலாறு இல்லை

1

ஒரு மரத்துக்கு என்ன வயசிருக்கும் என்று கேட்டால் நாம் முதலில் அதன் பருமனைத்தான் பார்ப்போம். நாலு பேர் கைகோத்தாலும் அடங்காத மரம் என்றால் அது தாத்தா காலத்து மரம். ஒரு ஆளின் அணைப்புக்குள் அடங்கிவிட்டால் இளசு. பருத்தது பழையது, மெலிந்தது புதுசு என்கிற இந்தச் சமன்பாடு மரத்தோடு நிற்பதில்லை. பெரிய கோபுரம், பெரிய கல்வெட்டு, பெரிய பேரரசு என்று வரலாற்றையும் நாம் இதே கண்ணால்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஊசியிலை மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிப் படிக்கிற ஒரு சின்னத் துறை, அமெரிக்கத் தென்மேற்கின் வறண்ட மலைகளில் வைத்து இந்தச் சமன்பாட்டை உடைத்தது. அந்த உடைப்பு எதுவரைக்கும் போனது, எங்கே போய் நின்றுவிட்டது என்று பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

விமர்சனப் பத்திரிகையில் மரத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஆவணம் என்றால் என்ன, அதை எழுதுவது யார், படிக்கிற உரிமை யாருக்கு என்றெல்லாம் நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம். எழுதுகிறவன் இல்லாமலே எழுதப்பட்ட ஓர் ஆவணத்தை வைத்துக்கொண்டு அதே கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாமே.

முதலில் வளையம் எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் பைன் மரம் பருப்பதை நிறுத்திக்கொள்கிறது. வசந்தம் வந்ததும் பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய படலம் புது மரத்தை உண்டாக்கத் தொடங்கும். முதலில் வருகிற செல்கள் பெரியவை, சுவர் மெல்லியவை. அதனால் வெளிறித் தெரியும். கோடை முடிகிற நேரத்தில் வருகிறவை சின்னவை, சுவர் தடித்தவை; கருத்த கோடாகத் தெரியும். வெளிறலும் கருப்பும் சேர்ந்தால் ஒரு வருஷம். நம்மூர் வெப்பநிலக் காடுகளில் பெரும்பாலான மரங்கள் இவ்வளவு தெளிவாகக் கோடு போடுவதில்லை; தேக்கு போல சில விதிவிலக்குகள் உண்டு. உள்ளே வயிரம் உள்ளது மரம், வெளியே வயிரம் உள்ளது புல் என்று பிரித்துச் சொன்ன மரபு நம்முடையது. அந்த வயிரத்துக்குள் வருஷக் கணக்கு இருக்கும் என்று தோன்றாமல் போனதற்கு நம்முடைய மரங்களும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனிமேல்தான் விஷயமே. எல்லா ஊசியிலை மரமும் ஆவணமாக ஆகிவிடாது. ஓடையோரம் நிற்கிற பைனுக்கு மழை பெய்தாலும் ஒன்றுதான், பொய்த்தாலும் ஒன்றுதான். வேர் தண்ணீரிலேயே கிடக்கிறது. அதன் வளையங்கள் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒரே அகலத்தில் இருக்கும். வளையம் எண்ணி அதன் வயசைச் சொல்லலாம். அதற்குமேல் அது எதையும் சொல்லாது. பாறைச் சரிவில், மண்ணே இல்லாத இடத்தில், பெய்கிற மழையை மட்டும் நம்பி நிற்கிற மரம் இருக்கிறதே, அதனிடம் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு சேதி இருக்கும். நல்ல மழை என்றால் அகன்ற வளையம், பஞ்சம் என்றால் மயிரிழை. இந்தத் துறைக்காரர்கள் இரண்டுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வகை 'சென்ஸிட்டிவ்'. முதல் வகை 'காம்ப்ளேசன்ட்'. தன்திருப்தி கொண்டது என்று சொல்லலாம். நான் சுகவாசி என்கிறேன். சுகவாசி மரத்தை ஆய்வாளர் ஒதுக்கிவிட்டுச் சரிவில் நிற்கிற மரத்தைத் தேடிப் போகிறார். அரண்மனை ஏடுகளையே புரட்டிக்கொண்டிருக்கும் நம் வரலாற்றுத் துறைகளுக்கு எந்த மரத்தடியில் நிற்பது என்கிற இந்த அடிப்படைப் பாடம் இன்னும் எட்டவில்லை.

2

இந்தத் துறையைத் தொடங்கிய ஏ.இ. டக்ளஸ் (1867–1962) தாவரவியலாளர் அல்ல, வானியலாளர். அரிசோனா மாநிலம் ஃபிளாக்ஸ்டாஃபில் பெர்சிவல் லோவல் கட்டிய வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். செவ்வாய்க் கிரகத்தில் கால்வாய்கள் ஓடுவதாகவும், அறிவுள்ள உயிர்கள் அவற்றை வெட்டியிருப்பதாகவும் லோவல் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தொலைவில் செயற்கை உருண்டைகளை வைத்துத் தொலைநோக்கியில் பார்த்துச் சோதித்த டக்ளஸுக்கு, அந்தக் கோடுகளில் சில கண்ணின் மயக்கமோ என்று சந்தேகம் வந்தது. முதலாளியின் ஆய்வுமுறையைக் குறை சொல்லிக் கடிதம் எழுதினார். 1901-ல் வேலை போய்விட்டது.

இல்லாத கோட்டைப் படிக்க மறுத்தவர் பிறகு இருக்கிற கோட்டைப் படிக்கப் போனார். சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகின்றன. அது மழையைப் பாதிக்குமானால் மரத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். 1904-லிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் சுற்றுவட்டாரத்துப் பாண்டெரோசா பைன்களின் வெட்டுமுகங்களை அளக்க ஆரம்பித்தார். அவருக்கு அந்த மரங்கள் கிடைத்த இடம் எது? மரம் அறுக்கும் கம்பெனியின் வளாகம். காட்டை அழித்துக்கொண்டிருந்த வியாபாரத்தின் குப்பையிலிருந்துதான் இந்த ஆவணக்காப்பகம் பிறந்தது என்பதை ஓரமாகக் குறித்துக்கொள்வோம். சூரியச் சுழற்சியை அவர் எதிர்பார்த்த அளவுக்கு மரத்தில் நிறுவ முடியவில்லை. கையில் மிஞ்சியது ஒரு வாசிப்பு முறை.

அந்த முறை இதுதான். ஒரே வட்டாரத்தில் சரிவுகளில் நிற்கும் பல மரங்களில் அகலம், குறுகல், குறுகல், அகலம் என்று வளையங்களின் வரிசை ஒன்றுபோல் அமைகிறது. உயிரோடு நிற்கிற மரத்தின் உள்வளையங்களும், எப்போதோ வெட்டி வீட்டு உத்தரமாகப் போட்ட கட்டையின் வெளிவளையங்களும் ஒரே வரிசையைக் காட்டினால் இரண்டையும் இணைத்துவிடலாம். அதைவிடப் பழைய கட்டை கிடைத்தால் இன்னும் பின்னால் போகலாம். சங்கிலி மாதிரி.

வளையத்தை எண்ணினால் போதாதா, எதற்கு இந்த ஒப்பீடெல்லாம்? போதாது. கடும் பஞ்ச வருஷத்தில் மரம் சில பக்கங்களில் வளையமே போடாமல் விட்டுவிடும். கோடையின் நடுவில் வறட்சி வந்து, பிறகு மழை பெய்தால் ஒரே வருஷத்தில் இரண்டு கோடுகள்கூட விழும். ஆக, ஒரு மரம் தன் வயசையே தப்பாகச் சொல்லலாம். பக்கத்து மரத்தையும் அதற்கடுத்த மரத்தையும் கேட்டால்தான் இவன் எந்த வருஷத்தை விழுங்கினான், எதை இரண்டு தடவை சொன்னான் என்று தெரியும். தனிச் சாட்சியை நம்பாமல், அதற்காகத் தூக்கியும் எறியாமல், சக சாட்சிகளோடு சேர்த்து வாசிக்கிற முறை இது. தன்வரலாறுகளையும் வாய்மொழி வழக்காறுகளையும் சேகரிக்கிற நண்பர்கள் யோசிக்க இதில் விஷயம் இருக்கிறது.

வளர்ச்சி வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இளம் மரம் அகன்ற வளையம் போடும். வயசாக ஆக வளையம் குறுகிக்கொண்டே வரும். அதே அளவு மரத்தை மேலும் மேலும் பெரிதாகும் வட்டத்தில் பரப்ப வேண்டியிருப்பது இதற்கு ஒரு காரணம். இந்தக் குறுகலைப் பஞ்சம் என்று படித்துவிடக் கூடாது. வயசு தந்த சரிவை முதலில் கணக்கிட்டுக் கழித்துவிட்டு, மிச்சமிருக்கிற ஏற்ற இறக்கத்தில்தான் மழையைத் தேட வேண்டும். முதுமையையும் வறுமையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவருக்கு வளையத்தைப் படிக்க வராது.

3

1914-ல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மானிடவியலாளர் கிளார்க் விஸ்லர், டக்ளஸைத் தொடர்பு கொண்டார். தென்மேற்கில் ஆயிரக்கணக்கில் கல் கட்டடங்களின் இடிபாடுகள் கிடந்தன. சாக்கோ பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான அறைகளோடு புவெப்லோ பொனிட்டோ என்கிற பிரமாண்டமான கட்டடம். மேசா வெர்டேயில் பாறைக் குடைவுகளுக்குள் அடுக்கடுக்காக வீடுகள். கட்டியவர்கள் எழுதி வைக்கவில்லை. ஆகவே காலம் இல்லை. எழுத்தில்லாதவர்களுக்கு வரலாறும் இல்லை என்று முடிவு கட்டுவது காலனியத்துக்குக் கைவந்த கலை. 'மறைந்துபோன மர்ம இனம்' என்று ஒரு கதையாடல் கிளம்பியது. அந்த இனத்துக்கு வைத்த 'அனசாஸி' என்ற பெயர்கூட பிற்காலத்தில் அங்கே குடியேறிய நவஹோ மக்களின் சொல். பக்கத்திலேயே ஹோப்பி, சூனி, ஆக்கோமா ஊர்களில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள், அவை எங்கள் முன்னோர் வீடுகள் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

டக்ளஸ் கையில் 1920களின் இறுதியில் இரண்டு சங்கிலிகள் இருந்தன. ஒன்று உயிருள்ள மரங்களிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நின்றது. இன்னொன்று இடிபாடுகளின் உத்தரங்களிலிருந்து கிடைத்த 585 வருஷ நீளச் சங்கிலி. ஆனால் அது அந்தரத்தில் மிதந்தது. எந்த 585 வருஷம் என்று தெரியாது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதும் தெரியாது. இணைப்பைத் தேடி உத்தர வேட்டைப் பயணங்கள் நடந்தன. 1928-ல் ஹோப்பிகளின் பழைய ஊரான ஒரைபிக்குள் போனார்கள். ஆட்கள் குடியிருக்கும் வீடுகளின் உத்தரங்களில் துளை போட வேண்டும். துளைத்த இடங்களில், சிதைவு உள்ளே புகுந்துவிடாமலிருக்க, நீலப்பச்சைக் கல் துண்டு வைத்து மூடினார்கள். அறிவியல் போட்ட துளைக்கு ஹோப்பிகளின் முறையில் போட்ட மருந்து அது.

1929 ஜூன் 22 அன்று, அரிசோனாவில் ஷோ லோ என்ற சின்ன ஊரில், பாதி கரிந்த ஒரு கட்டை அகப்பட்டது. எச்எச்-39 என்பது அதன் எண். 1237-லிருந்து 1380 வரையிலான வளையங்கள் அதில் இருந்தன. இரண்டு சங்கிலிகளும் பூட்டிக்கொண்டன. அதன் பிறகு ஒரு வேடிக்கை தெரியவந்தது: இடைவெளி என்று ஒன்று இருக்கவே இல்லை. இரண்டு சங்கிலிகளின் முனைகளும் ஏற்கெனவே ஒன்றன்மேல் ஒன்று படிந்துதான் இருந்தன. அந்தப் பகுதிக்குக் கிடைத்த கட்டைகள் சொற்பம். வளையங்களோ சுருங்கிச் சுருங்கி மயிரிழையாகக் கிடந்தன. அதனால் நம்பி இணைக்க முடியவில்லை. சுருங்கக் காரணம் 1276-லிருந்து 1299 வரை நீண்ட பெரும் வறட்சி. ஒரு மக்கள் கூட்டம் மிகக் கடுமையாக அவதிப்பட்ட அந்த இருபத்துச் சொச்சம் வருஷங்கள்தான் ஆய்வாளரின் ஏட்டில் 'இடைவெளி'யாகத் தெரிந்தன என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் மேலே படிக்க ஓடவில்லை.

ஒரே இரவில் நாற்பது இடிபாடுகளுக்கு ஆண்டு கிடைத்தது. புவெப்லோ பொனிட்டோவின் உத்தரங்கள் பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் வெட்டப்பட்டவை. மேசா வெர்டேயின் பாறை வீடுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1280களுக்குப் பிறகு அங்கே புது உத்தரமே ஏறவில்லை. மர்ம இனம் மறைந்து போகவில்லை. பஞ்சமும் சண்டையும் சமூகப் பிளவும் நெருக்க, தெற்கேயும் கிழக்கேயும் நடந்து போய்ப் புது ஊர் கட்டிக்கொண்டது. ஹோப்பிகள் சொன்னதை மரமும் சொல்லிற்று. மரம் சொன்ன பிறகுதான் ஹோப்பிகள் சொன்னதும் 'தகவல்' ஆனது. இன்றைக்கு ஆய்வுலகம் 'மூதாதைப் புவெப்லோ மக்கள்' என்று எழுதுகிறது. எழுத்தில்லாத மக்களுக்கு எழுத்துள்ள பல நாகரிகங்களுக்குக்கூட வாய்க்காத துல்லியத்தில், வருஷக் கணக்கில், ஒரு வரலாறு கிடைத்தது. இதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனாலும் மரம் சொல்லாததும் இருக்கிறது. சாக்கோவின் பெரிய கட்டடங்களுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். பள்ளத்தாக்கில் அவ்வளவு மரம் கிடையாது. வளைய வரிசைகளை ஒப்பிட்டு 2016-ல் வெளிவந்த ஆய்வு, 1020-க்கு முன்பு பெரும்பகுதி தெற்கே சூனி மலைகளிலிருந்தும், 1060 வாக்கில் மேற்கே சுஸ்கா மலைகளிலிருந்தும் வந்தது என்று காட்டியது. இரண்டுமே 75 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். சக்கரம் இல்லை, இழுவை மாடு இல்லை. மனுஷ முதுகுதான். எந்த வருஷம், எந்த மலை என்று மரம் சொல்லிவிடும். சுமந்தவன் விரும்பிச் சுமந்தானா, விதிக்கப்பட்டுச் சுமந்தானா? அந்தக் கேள்விக்கு வளையத்தில் பதில் இல்லை. வெட்டிய ஆண்டு கிடைத்ததும் வரலாறு முடிந்துவிட்டதாக நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

4

டக்ளஸின் மாணவர் எட்மண்ட் ஷுல்மன், மிக நீண்ட சேதி வைத்திருக்கும் உயிருள்ள மரத்தைத் தேடி அலைந்தவர். பிரமாண்டமான செக்வோயாக்கள் 3,000 வயசைத் தாண்டியவை; ஆனால் அவற்றில் பல சுகவாசிகள். 1950களில் கலிஃபோர்னியாவின் வெள்ளை மலைகளில், ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில், பிரிஸில்கோன் பைன்களிடம் வந்து சேர்ந்தார். வருஷத்துக்கு முப்பது சென்டிமீட்டர் மழைகூட இல்லாத, சுண்ணாம்புப் பாறை போல வெளுத்த தரை. குட்டையாக, முறுக்கிக்கொண்டு, பாதிக்கு மேல் செத்துப்போன உடம்போடு நிற்கும் மரங்கள். அவற்றில் ஒன்றை 1957-ல் துளைத்தார். பென்சில் பருமனில் ஒரு குச்சியை உருவியெடுக்கும் துளைக்கருவி அது, மரம் சாகாது. 4,600 வருஷங்களுக்கு மேல் கணக்கு வந்தது. மெதூசலா என்று பெயரிட்டார்கள். மறு வருஷம், 1958-ல், ஷுல்மன் 49 வயசில் இறந்து போனார்.

1954-லேயே அவர் ஒரு கருத்தை எழுதியிருந்தார்: ஊசியிலை மரங்களில் மிக நீண்ட ஆயுள், மிக மோசமான இடத்தில் நிற்பவற்றுக்கே வாய்க்கிறது. நல்ல மண்ணில் வேகமாக வளர்கிற அதே இன மரம் சீக்கிரம் பருத்து, சீக்கிரம் உளுத்து, சாய்ந்துவிடும். மேட்டுப் பாறையில் நிற்கிறது நூறு வருஷத்தில் ஓர் அங்குலம்கூடப் பருக்காது. மரம் இறுகி, பிசின் நிறைந்து, பூச்சியும் பூஞ்சையும் எளிதில் தொட முடியாதபடி ஆகிவிடும்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு சபலம் வரும். துன்பமே உயர்த்தும், அடிபட்டவனே நிலைப்பான் என்று ஒரு கவிதை எழுதிவிடலாம். வேண்டாம். அந்த மரம் எப்படிப் பிழைத்தது என்று கிட்டப் போய்ப் பார்த்தால், பட்டையில் ஒரு சின்னப் பட்டிகை அளவே உயிர். மற்றதையெல்லாம் சாகவிட்டுத்தான் அது நிற்கிறது. அது எடுத்த முடிவு அல்ல அது, விதிக்கப்பட்ட கணக்கு. அதே சரிவில் முளைத்துப் பிழைக்காமல் போனவை எத்தனையோ. நிற்பதை மட்டும் பார்த்துவிட்டுத் துன்பத்தைப் புகழ்கிறவன் விழுந்ததை எண்ணாதவன். வெஸ்லி ஃபெர்குசன் பிறகு அந்தச் சரிவுகளில் ஆயிரக்கணக்கான வருஷமாக மக்காமல் கிடந்த செத்த கட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்துத்தான், 1969-ல் சங்கிலியை 7,000 ஆண்டுகளுக்கு அப்பால் நீட்டினார். உயிருள்ளவை மட்டும் பேசியிருந்தால் கணக்கு பாதியில் நின்றிருக்கும்.

அந்தச் சங்கிலி வேறொரு வேலையும் செய்தது. கரிமக் காலக்கணிப்பில், காற்றிலுள்ள கதிரியக்கக் கரிமத்தின் அளவு எல்லாக் காலத்திலும் மாறாதது என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். வயசு தெரிந்த பிரிஸில்கோன் வளையங்களைச் சோதித்த ஹான்ஸ் சூஸ், 1960களில் அது தவறு என்று காட்டினார். திருத்திப் பார்த்தால் ஐரோப்பாவின் பெருங்கற்கால நினைவுச் சின்னங்கள் பல எகிப்தியப் பிரமிடுகளைவிடப் பழையவையாகிவிட்டன. கார்டன் சைல்ட் போன்ற மார்க்சிய அறிஞர்கூட நம்பியிருந்த, நாகரிகம் கிழக்கில் ஒரு மையத்தில் பிறந்து விளிம்புகளுக்குப் பரவியது என்கிற கதையாடலுக்கு விழுந்த பெரிய அடி இது. 1973-ல் காலின் ரென்ஃப்ரூ இதை விரிவாக எழுதினார். ஐரோப்பா இதில் பெருமையடித்துக்கொண்டால் அது அதன் பாடு. மையமில்லாமலே விளிம்புகள் தாமாகக் கட்டிக்கொள்ள முடியும் என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இதற்கிடையில் நடந்தது 1964 ஆகஸ்டில். நெவாடாவின் வீலர் சிகரத்தில் டொனால்ட் கர்ரி என்ற ஆய்வு மாணவர் பழைய பனிக்காலத் தடயங்களைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு பிரிஸில்கோனின் வளையங்கள் அவருக்கு முழுசாகத் தேவைப்பட்டன. வனத்துறை அனுமதி கொடுத்தது. மரத்தை வெட்டி எண்ணிப் பார்த்தால் 4,800-க்கும் மேல். அன்றைக்கு உலகத்தில் வயசு தெரிந்த மரங்களிலெல்லாம் அதுதான் மூத்தது. மலையேறிகள் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: புரமீதியூஸ். எவ்வளவு வயசு என்பது வெட்டிய பிறகுதான் தெரிந்தது. ஒரு மாணவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. எதிரில் நிற்பதைத் தகவலாக மட்டும் பார்க்கிற கண் அவர் ஒருவருடையதா என்ன?

5

கடைசியாக ஒரு ஒப்பந்தம். 1922 நவம்பரில் ஏழு மாநிலங்களின் பிரதிநிதிகள் சாண்டா ஃபேயில் உட்கார்ந்து கொலராடோ ஆற்றைப் பங்கு போட்டார்கள். மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்படுகைக்கு 75 லட்சம். கையில் இருந்தது இருபத்துச் சொச்சம் வருஷ அளவீடுகள். 1976-ல் ஸ்டாக்டனும் ஜேக்கபியும் படுகையின் ஊசியிலை மர வளையங்களை வைத்து அந்த ஆற்றின் நீண்ட கால ஓட்டத்தைக் கணித்தார்கள். சராசரி 1 கோடியே 35 லட்சம் ஏக்கர்-அடி அளவில்தான் வந்தது. 1922-ல் அளந்து வைத்திருந்த அந்த வருஷங்கள், பல நூற்றாண்டுகளில் அபூர்வமாக மழை கொட்டிய வருஷங்கள். சுகவாசி வருஷங்களின் கணக்கை வைத்து ஒரு ஆற்றையே பங்கு போட்டிருக்கிறார்கள். தெரியாமல் செய்த தப்பு என்றும் முழுசாகச் சொல்ல முடியாது. தண்ணீர் போதாது என்று லாரூ என்ற அரசு நீரியலாளர் 1920களிலேயே எழுதினார். கேட்க விருப்பமில்லை, அவ்வளவுதான். காவிரிக் கணக்குகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் குரல் பழக்கமானதுதான்.

அந்த மேஜையில் ஹோப்பிகள் இல்லை, நவஹோக்கள் இல்லை. 1924 வரை பூர்வகுடிகளில் பலருக்கு அமெரிக்கக் குடியுரிமையே கிடையாது. பூர்வகுடிகளுக்கு அரசு பட்டிருக்கும் கடமைகளை இது பாதிக்காது என்று ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்கள். 1276-ன் வறட்சியை உடம்பில் தாங்கிய மக்களின் வாரிசுகளிடம், இந்த ஆறு எத்தனை வருஷம் ஏமாற்றும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

2000-க்கும் 2021-க்கும் இடைப்பட்ட 22 ஆண்டுகள், கி.பி. 800-க்குப் பிறகு அந்த வட்டாரம் கண்ட மிக வறண்ட 22 ஆண்டுகள் என்று 2022-ல் வெளியான வளைய ஆய்வு சொல்கிறது. மனிதர்கள் ஏற்றிய வெப்பத்துக்கு இதில் பெரும்பங்கு உண்டு. மறு வருஷம், 2023 ஜூன் 22 அன்று, நவஹோ மக்களுக்குத் தண்ணீர் உறுதிசெய்ய நடவடிக்கை எடுக்கும் கடமை 1868 உடன்படிக்கையின்படி அரசுக்கு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஷோ லோவில் அந்தக் கரிக்கட்டை கிடைத்த அதே ஜூன் 22. தேதிப் பொருத்தம் தற்செயல்தான். மற்றது எதுவும் தற்செயல் இல்லை.

பஞ்சம் வந்தது என்று மரம் சொல்லும். அந்தப் பஞ்சத்தில் யார் குடித்தார்கள், யார் நடந்தே வெளியேறினார்கள் என்பதை மனுஷர்கள்தான் சொல்ல வேண்டும். சரிவில் நிற்கிறவர்கள் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். துளைக்கருவியோடு வருகிறவர்கள் முதலில் அவர்களிடம் நின்று கேட்டுவிட்டுப் போகட்டும்.